எண்கள் பாடும் பெட்டி

இராயபுரத்து ராபின்சன் பூங்காவை அரசியல் வரலாறு படித்தவர்கள் எல்லோரும் அறிவார்கள். அந்தப் பூங்காவுக்கு ஒலியின் வரலாற்றிலும் ஓர் இடம் உண்டு என்பது அவ்வளவாகத் தெரியாத செய்தி. 1924-ஆம் ஆண்டில் சி.வி. கிருஷ்ணசாமி செட்டியார் சென்னையில் மாகாண வானொலிக் கழகத்தைத் தொடங்கினார். அவ்வாண்டு ஜூலை 31 அன்று கழகத்தின் ஒலிபரப்பு காற்றில் ஏறியது. பணமுடையால் 1927-ல் கழகம் மூடப்பட்டபோது அதன் ஒலிபரப்புக் கருவி சென்னை மாநகராட்சியின் கைக்குச் சென்றது. 1930 ஏப்ரல் முதல் நாள் மாநகராட்சி தன் ஒலிபரப்பைத் தொடங்கியது. அக்காலத்தில் வானொலிப் பெட்டி வாங்கும் வசதி மிகச் சிலருக்கே இருந்தது. ஆகவே மெரினாவிலும், உயர்நீதிமன்றக் கடற்கரையிலும், பீப்பிள்ஸ் பார்க்கிலும், வடக்கே ராபின்சன் பூங்காவிலும் மாநகராட்சி ஒலிபெருக்கிகளை நிறுவியது. மாலையில் மக்கள் புல்தரையில் அமர்ந்து பாட்டுக் கேட்டார்கள். 1938 ஜூன் 16-ல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் தொடங்கும் வரையில் இந்த ஏற்பாடு நடந்தது.

அந்த ஒலிபெருக்கியில் பாடகரின் குரல், தொடக்கம் முதல் இறுதி வரை அலையாகவே பயணம் செய்தது. காற்றில் எழுந்த அலை மின் அலையாயிற்று. மின் அலை வானொலி அலைமீது ஏறிக்கொண்டது. மீண்டும் மின் அலையாகி, மீண்டும் காற்றலையாயிற்று. இடையில் எங்கும் அது எண்ணாக மாறவில்லை. இன்று நீங்கள் கைப்பேசியில் கேட்கும் பாட்டு அப்படியன்று. அது வெறும் எண்களின் வரிசை. அந்த எண்களை மறுபடியும் அலையாக்க ஒரு கருவி தேவை. ஆங்கில எழுத்துகளைக் கொண்டு டி.ஏ.சி. என்பார்கள், கடைத்தெருவில் அது ‘டேக்’. இக்கட்டுரையில் நாம் அதை ‘எண்மாற்றி’ என்று அழைப்போம்.

சென்ற ஆண்டு திருவொற்றியூர் காலடிப்பேட்டையில் வசிக்கும் நண்பர் ஒருவர் என்னிடம் வந்தார். முப்பது ஆண்டுகள் ஆலையில் உழைத்து ஓய்வு பெற்றவர். கைக்கு வந்த பணத்தில் கடன்களைத் தீர்த்தபின் ஒரு சிறு தொகையைப் பாட்டுக் கேட்பதற்கென்று தனியே வைத்திருந்தார். அவருடைய வாழ்க்கையில் அவர் தமக்கென்று ஒதுக்கிய முதல் பணம் அது என்று சொன்னால் மிகையில்லை.

“அண்ணே, டேக்கு டேக்குன்றாங்களே, அது இன்னாதுண்ணே? ஒருத்தர் நாற்பதாயிரத்துக்கு ஒண்ணு காட்டுறாரு. இன்னொருத்தரு நாநூறு ரூவா போர்டே போதும்ன்றாரு. யாரு சொல்றது நெசம்?”

நியாயமான கேள்விதானே? ஆனால் இதற்கு ஒரே வரியில் விடை சொல்லிவிட முடியாது. எண்மாற்றி எப்படிப் பிறந்தது, எதனால் ஒரு காலத்தில் விலை மிகுந்திருந்தது, எதனால் மலிந்தது என்ற கதை தெரிந்தால்தான் விடையும் விளங்கும்.

முதலில் பாட்டு எப்படி எண்ணாகிறது என்று பார்ப்போம். மார்கழி விடியலில் உங்கள் தெருவில் புள்ளிக் கோலம் போடுவதைக் கவனித்திருப்பீர்கள். முதலில் புள்ளிகள், பிறகு அவற்றைத் தழுவி ஓடும் வளைகோடு. ஒலியலையையும் அப்படிப் புள்ளிகளாக வைத்துக்கொள்ளலாம். ஒரு நொடியில் 44,100 முறை அலையின் உயரத்தை அளந்து, ஒவ்வோர் அளவையும் ஓர் எண்ணாகக் குறித்துக்கொள்கிறார்கள். இதுதான் குறுந்தகட்டின் முறை. மறுமுனையில் எண்மாற்றி இந்தப் புள்ளிகளை வைத்துக்கொண்டு வளைகோட்டைத் திரும்ப வரைகிறது.

“ஒரே புள்ளிகளை வைத்துப் பல கோலங்கள் போடலாமே, எது உண்மையான கோலம் என்று கருவிக்கு எப்படித் தெரியும்?” என்று நீங்கள் கேட்கலாம். இதற்கு விடை கண்டவர்கள் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த நைக்விஸ்ட், ஷானன் ஆகியோர். 1928-ல் நைக்விஸ்ட் தந்த கருத்தை 1949-ல் ஷானன் கணித முறையில் நிறுவினார். அலையில் உள்ள மிக உயர்ந்த அதிர்வெண்ணைப்போல இரு மடங்குக்கு மேற்பட்ட வேகத்தில் புள்ளி வைத்துவிட்டால், அந்தப் புள்ளிகளின் வழியாக அந்த எல்லைக்குள் அடங்கிய ஒரே ஒரு வளைகோடுதான் செல்ல முடியும். மற்றொரு கோலத்துக்கு இடமேயில்லை. மனிதச் செவி 20,000 ஹெர்ட்ஸுக்கு மேல் கேட்பதில்லை. நடுத்தர வயதைக் கடந்த நமக்கு அந்த எல்லை இன்னும் தாழ்ந்துவிடும். ஆகவே 44,100 புள்ளிகள் தாராளமாகப் போதும். ‘எண்முறை ஒலி படிக்கட்டுபோல் இருக்கும், அலைபோல் வழுவழுப்பாக இராது’ என்று சிலர் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். எண்மாற்றியின் உள்ளே படிக்கட்டு உண்டுதான். ஆனால் வெளியே வருமுன் வடிகட்டி அதை அலையாக்கிவிடுகிறது. கோலம் முடிந்தபின் புள்ளி தனியே தெரிவதில்லை அல்லவா?

ஒலியை எண்ணாக்கலாம் என்னும் எண்ணம் 1937-ல் அலெக் ரீவ்ஸ் என்ற ஆங்கிலேயப் பொறியாளருக்குத் தோன்றியது. பாரிசில் வேலை பார்த்துவந்த அவர் தொலைபேசிக் கம்பியில் சேரும் இரைச்சலை ஒழிக்க வழி தேடிக்கொண்டிருந்தார். அலை போகும் வழியெல்லாம் அழுக்குச் சேர்த்துக்கொள்ளும். எண்ணோ, ஒன்றா பூச்சியமா என்று அடையாளம் தெரியும் வரையில் அழுக்காவதேயில்லை. கருத்து எளிமையானது, கருவிதான் கிடைக்கவில்லை. வால்வுகளைக் கொண்டு அதைக் கட்டினால் ஓர் அறை நிரம்பிவிடும். அப்படி நிரப்பிக் கட்டியவர்களும் உண்டு. இரண்டாம் உலகப் போரில் வாஷிங்டனுக்கும் இலண்டனுக்கும் இடையே இரகசியமாகப் பேச, 1943-ல் ‘சிக்சாலி’ என்ற கருவியை இயக்கினார்கள். பேச்சை எண்ணாக்கி அனுப்பிய அதன் எடை ஐம்பது டன்னுக்கு மேல். இரகசியத் திறவுகோலாக, இரு நகரங்களிலும் ஒரே மாதிரியான இரைச்சல் பதிந்த இரண்டு இசைத்தட்டுகளை ஒரே கணத்தில் சுழல விட்டார்கள் என்பது வேடிக்கையான செய்தி. எண்முறை ஒலிக்குப் பழைய கிராமபோன் தட்டு காவல் நின்றிருக்கிறது!

டிரான்சிஸ்டர் வந்தபின் கதை வேகம் பிடித்தது. 1962-ல் அமெரிக்கத் தொலைபேசி இணைப்புகளில் எண்முறை நுழைந்தது. தொலைபேசிக்கு நொடிக்கு 8,000 புள்ளி, புள்ளிக்கு எட்டு பிட் போதும். பேச்சு விளங்கினால் சரி. குரலின் அழகு அங்கே முக்கியமில்லை. பிறகு நம் நாட்டிலும் தொலைபேசி நிலையங்கள் எண்முறைக்கு மாறின. அன்று தொலைபேசி வைத்திருந்த பலர் தாமறியாமலே ஓர் எண்மாற்றியின் வழியாகப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

இசை கேட்கிற காதுக்கு எட்டு பிட் போதாது. எட்டு பிட் என்றால் அலையின் உயரத்தைக் குறிக்க 256 படிகளே உண்டு. மெல்லிய தம்புரா ஒலி அந்தப் படிகளின் இடுக்கில் விழுந்து கரகரப்பாகிவிடும். ஜப்பானின் நிப்பான் கொலம்பியா நிறுவனம் 1972-ல் 13 பிட் ஒலிப்பதிவுக் கருவியைக் கொண்டுவந்தது. பிறகு பிலிப்சும் சோனியும் வீட்டுக்குரிய தகடு ஒன்றைப் பற்றிச் சிந்திக்கத் தொடங்கின.

இங்கே சற்று நிதானிப்போம். நம் நண்பரின் கேள்விக்கு விடை இந்த இடத்தில்தான் ஒளிந்திருக்கிறது.

மளிகைக் கடைத் தராசை நினைத்துக்கொள்ளுங்கள். 1, 2, 4, 8 என்று ஒவ்வொன்றும் முந்தியதைப்போல் இரு மடங்காக 16 படிக்கற்கள் இருக்கின்றன. கடைசிக் கல்லின் எடை 32,768. இந்தப் பதினாறையும் வேண்டியபடி கூட்டி வைத்தால் 65,536 விதமான எடைகளை நிறுக்கலாம். எண்மாற்றி செய்வது இதைத்தான். கல்லுக்குப் பதில் மின்னோட்டம், அவ்வளவே. ஒரே மதிப்பும் அதன் இரு மடங்கும் கொண்ட மின்தடைகளை ஏணிபோல் அடுக்கினால், ஒவ்வொரு படியிலும் மின்னோட்டம் பாதியாகிக்கொண்டே போகும். அழகான ஏற்பாடு. ஆனால் ஓர் இடையூறு. கடைகளில் கிடைக்கும் நல்ல மின்தடையிலும் நூற்றுக்கு ஒன்று பிழை இருக்கலாம். பெரிய கல் நூற்றுக்கு ஒன்று தவறினால் பிழை 327. சிறிய எட்டுக் கற்களையும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள்: 255-தான் வரும். அதாவது ஒரு கல்லின் பிழை எட்டுக் கற்களை முழுதாக விழுங்கிவிடுகிறது! பதினாறு பிட் என்று பெயருக்குச் சொல்லிக்கொண்டு ஏழெட்டு பிட் வேலைதான் நடக்கும்.

இதனால்தான் அக்காலத்தில் எண்மாற்றி விலை மிகுந்த பொருளாயிருந்தது. மின்தடைகளை ஒவ்வொன்றாக அளந்து, சீவி, சரிசெய்ய வேண்டியிருந்தது. பிலிப்ஸ் பொறியாளர்கள் 14 பிட் சில்லு ஒன்றை உருவாக்கி வைத்திருந்தார்கள். அதில் அவர்கள் கையாண்ட தந்திரம் நம் துறைமுகத் தொழிலாளருக்குப் புதிதன்று. கனமான மூட்டையை நால்வர் தூக்கிச் செல்லும்போது ஒருவர் மட்டும் உயரமாயிருந்தால் சுமை சரியாகப் பகிராது. அடிக்கடி இடம் மாறிக்கொண்டால் மொத்தத்தில் சமமாகிவிடும். அதுபோல், மின்னோட்டங்களைச் சில்லுக்குள்ளேயே வேகமாக இடம் மாற்றிச் சுழற்றினார்கள். பிழைகள் ஒன்றையொன்று ஈடுசெய்துகொண்டன.

ஆனால் சோனி 16 பிட் வேண்டும் என்று வற்புறுத்தியது. இறுதியில் 16 பிட் என்று முடிவாயிற்று. பிலிப்சின் கையில் இருந்ததோ 14 பிட் சில்லு! அவர்கள் சோர்ந்துவிடவில்லை. புள்ளிகளின் எண்ணிக்கையைக் கணக்கால் நான்கு மடங்காக்கி, நொடிக்கு 1,76,400 புள்ளிகளாகச் சில்லுக்குக் கொடுத்தார்கள். உயரத்தில் இழந்த நுட்பத்தை வேகத்தில் மீட்டார்கள். 14 பிட் சில்லு ஏறத்தாழ 16 பிட்டின் வேலையைச் செய்தது. வடிகட்டியின் வேலையும் எளிதாயிற்று. சோனி நிறுவனமோ தன் முதல் கருவியில் ஒரே 16 பிட் மாற்றியை இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் மாறி மாறிப் பயன்படுத்திச் சிக்கனம் செய்தது. அதனால் ஒரு பக்கம் மற்றதைவிட நொடியில் இலட்சத்தில் ஒரு பங்கு அளவுக்குப் பிந்தி வந்தது. 1982 அக்டோபர் முதல் நாள் அந்தக் கருவி ஜப்பானில் விற்பனைக்கு வந்தபோது அதன் விலை 1,68,000 யென்.

44,100 என்ற விசித்திரமான எண் எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். அக்காலத்தில் இவ்வளவு எண்களைச் சேமிக்க வீடியோ நாடாவே வழியாயிருந்தது. ஒரு கோட்டில் மூன்று புள்ளி, ஒரு புலத்தில் 245 கோடு, நொடிக்கு 60 புலம், பெருக்கிப் பாருங்கள். தொலைக்காட்சிக்காரர்களின் கணக்கு இசையின் தலையில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

நம் நாட்டில் இந்தத் தகடு உடனே பரவவில்லை. 1980-கள் ஒலிநாடாவின் காலம். வட சென்னையில் ஒலி வியாபாரத்தின் வாசல் துறைமுகத்து மதிலோரம் இருந்தது. 1960-களில் பர்மாவிலிருந்து வெளியேறி வந்த தமிழர்கள் பிழைப்புக்காகக் கடை போட்ட இடம் 1969-ல் பர்மா பஜார் ஆயிற்று. சிங்கப்பூரிலிருந்து வந்திறங்கிய ஜப்பானிய டேப்ரிகார்டர்களை அந்தக் கடைகளின் முன்னே நின்று வேடிக்கை பார்த்த சிறுவர்களில் நானும் ஒருவன். வாங்கியவர்கள் குறைவு; பார்த்துவிட்டுப் போய், ரிச்சி தெருவில் உதிரிப் பாகங்கள் வாங்கி, பலகைப் பெட்டிக்குள் தாமே கட்டிக்கொண்டவர்கள் அதிகம். ‘அசெம்பிள் செட்’ என்று ஊர் அதற்குப் பெயர் வைத்தது. தண்டையார்ப்பேட்டையிலும் திருவொற்றியூரிலும் ஆலை முடிந்து வந்து, இரவில் பற்றவைப்புக் கோலை எடுத்துக்கொண்டு உட்காரும் கைகளை நான் பார்த்திருக்கிறேன். பகலில் மோட்டார் சைக்கிளோ தீக்குச்சியோ செய்த கைகள் அவை.

எண்மாற்றி அந்தக் கைகளுக்கு வந்து சேர இரண்டு திருப்பங்கள் தேவைப்பட்டன.

முதல் திருப்பம் ஒரு சித்தாந்தம். 1962-ல் தோக்கியோப் பல்கலைக்கழகத்தில் இனோசே, யசுதா முதலியோர் ‘டெல்டா-சிக்மா’ என்னும் முறையை வெளியிட்டார்கள். பதினாறு படிக்கற்கள் எதற்கு? ஒரே கல்லை மிக வேகமாக வைத்து வைத்து எடுத்தால் போதாதா? இஸ்திரிப் பெட்டியைப் பாருங்கள். அதற்குள் மின்சாரம் முழுதாக ஓடுகிறது, அல்லது நிற்கிறது, பாதி ஓடுவதில்லை. ஆயினும் பெட்டியின் அடிப்பாகம் ஒரே சூட்டில் இருக்கிறது. அதுபோல் இலட்சக்கணக்கான முறை ஒன்று, பூச்சியம் என்று மாற்றி மாற்றிக் கொடுத்து, சராசரியை வடிகட்டியால் எடுத்துக்கொண்டால் வேண்டிய உயரம் கிடைத்துவிடும். இதில் எழும் இரைச்சலைச் செவி கேளாத உயர் அதிர்வெண்களுக்குத் தள்ளிவிடுவதுதான் இம்முறையின் சாமர்த்தியம். மின்தடையைச் சீவ வேண்டாம். மிகத் துல்லியமான கல் வேண்டாம். கணக்குப் போடும் மலிவான டிரான்சிஸ்டர்கள் நிறைய இருந்தால் போதும். 1962-ல் அவை இல்லை. 1980-களின் இறுதியில் இருந்தன. அத்துடன் எண்மாற்றியின் விலை சரியத் தொடங்கியது.

இரண்டாவது திருப்பம் கணிப்பொறி. 1980-களின் பிற்பகுதியில் கோவாக்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் அச்சுப்பொறியின் துளையில் செருகும் சிறு பெட்டி ஒன்றை விற்றது. பிரித்துப் பார்த்தவர்கள் சிரித்தார்கள்: உள்ளே நாம் மேலே சொன்ன மின்தடை ஏணி மட்டுமே இருந்தது! எட்டு பிட். உலகெங்கும் மாணவர்கள் அதைச் சில மின்தடைகளால் தாமே கட்டிக்கொண்டார்கள். சொந்தக் கையால் கட்டிய மலிவு எண்மாற்றி என்ற மரபு அங்கேதான் தொடங்குகிறது என்பது என் எண்ணம். 1989-ல் சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் ‘சவுண்ட் பிளாஸ்டர்’ அட்டையை வெளியிட்டது. அட்டையில் ஏறிய எண்மாற்றி சில ஆண்டுகளில் எல்லாக் கணிப்பொறிகளுக்கும் பொதுவாயிற்று.

நம் பகுதிக்கு அது வேறொரு வேடத்தில் வந்தது. 1990-களின் இறுதியில் வி.சி.டி. பெட்டி இல்லாத தெரு இல்லை. படம் பார்க்க வாங்கிய அந்த ஒவ்வொரு பெட்டியிலும் ஓர் எண்மாற்றி இருந்தது. பெட்டி பழுதானபோது அதைத் திறந்த மெக்கானிக்குகள் அந்தச் சில்லை அடையாளம் கண்டுகொண்டார்கள். பழைய பெட்டியின் பலகையைக் கழற்றி ஆம்ப்ளிபயருக்குள் பொருத்தினார்கள். பிறகு யு.எஸ்.பி. போர்டு, புளூடூத் போர்டு, ஐந்து ஸ்பீக்கருக்கான டீகோடர் போர்டு என்று ரிச்சி தெரு நிறைந்தது. இப்போது விம்கோ நகரிலிருந்து மெட்ரோ இரயிலில் ஏறினால் அரசினர் தோட்டத்தில் இறங்கி நடந்தே அங்கு போய்விடலாம்.

இனி நண்பரின் கேள்விக்கு வருவோம். நானூறு ரூபாய் என்று அவருக்குச் சொன்ன பலகையில் இருந்தது டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் பி.சி.எம். 5102ஏ என்னும் சில்லு. அந்த நிறுவனம் 2000-ல் பர் பிரவுன் என்ற புகழ்பெற்ற நிறுவனத்தை வாங்கியது. அந்த வழியில் வந்த சில்லு இது. ஒலிக்கும் இரைச்சலுக்கும் உள்ள இடைவெளி இதில் 112 டெசிபெல் என்று அதன் ஏடு கூறுகிறது. குறுந்தகட்டின் கோட்பாட்டு எல்லையே ஏறத்தாழ 98 டெசிபெல்தான். கன்டெய்னர் லாரிகள் போகும் சாலையோரத்து வீட்டில் நடுநிசியிலும் முப்பது நாற்பது டெசிபெல் இரைச்சல் இருக்கும். ஆக, சில்லைப் பொறுத்தவரை நம் நண்பர் கேட்கப்போகும் எதற்கும் இது மிகையே. 1982-ல் 1,68,000 யென் கொடுத்தவருக்கு இந்த அளவுத் துல்லியம் கிடைக்கவில்லை.

அப்படியானால் எல்லாப் பலகையும் ஒன்றா? இல்லை. இந்த இடத்தில் நீங்கள் கவனமாயிருக்க வேண்டும். சில்லு நல்லதாயிருந்தும் பலகை கெட்டிருக்கலாம். முதற்கண், மேற்சொன்ன சில்லு எண்களை வாங்குவது சில்லுகள் தமக்குள் பேசிக்கொள்ளும் ஒரு மொழியில் மட்டுமே. பிலிப்ஸ் 1986-ல் வகுத்த மொழி அது. கைப்பேசியையோ தொலைக்காட்சியையோ நேரே அதில் செருக முடியாது. யு.எஸ்.பி. வாங்கியோ ஒளியிழை வாங்கியோ ஒன்று முன்னே வேண்டும். இது தெரியாமல் பலகையை மட்டும் வாங்கி வந்து விழித்தவர்கள் பலர். இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துக் கட்டித் தருபவரிடம் வாங்குவது மேல். பழைய சில்லுக்கு மோகம் கொண்டவர்கள் பிலிப்சின் டி.டி.ஏ. 1543 போன்றவற்றை வடிகட்டியே இல்லாமல் கட்டி, ‘இயற்கையான ஒலி’ என்று விற்பார்கள். வடிகட்டி இல்லாவிட்டால் 20,000 ஹெர்ட்ஸில் ஒலி மூன்று டெசிபெலுக்கு மேல் தாழும் என்பது கணக்கு. அந்த மங்கலைத்தான் இயற்கை என்கிறார்கள். பிடித்திருந்தால் கேட்கலாம், தவறில்லை. அதற்குக் கூடுதல் விலை கொடுப்பதுதான் எனக்கு விளங்கவில்லை. மேலும் பழைய சில்லுகளில் போலிகள் உலவுகின்றன. மேலே அச்சிட்ட எண்ணை நம்பிப் பயனில்லை.

புதிய சில்லுகளுக்கும் ஆபத்து உண்டு. 2020 அக்டோபர் 20 அன்று ஜப்பானின் நொபெயோகா நகரில் அசாஹி கசெய் நிறுவனத்தின் சில்லு ஆலை தீப்பிடித்தது. உலகின் உயர்தர எண்மாற்றிகளில் பல அந்த ஆலையை நம்பியிருந்தன. பல நாடுகளின் நிறுவனங்கள் தம் கருவிகளை வேறு சில்லுக்கு மாற்றி வரைந்தன. மாற்றியபின் ஒலி கெட்டுவிட்டதா? நல்ல வடிவமைப்பாளர்களின் கருவிகள் முன்போலவே அளவுகளில் தேறின. சில்லின் பெயரைவிடச் சுற்றியிருக்கும் வேலைப்பாடு முக்கியம் என்பதற்கு இந்த விபத்தே ஓர் எதிர்பாராத சோதனையாயிற்று.

அந்த வேலைப்பாட்டில் தலையாயது மின்வழங்கல். மலிவான சார்ஜரின் இரைச்சல் எண்மாற்றிக்குள் புகுந்துவிடும். சிறு டிரான்ஸ்பார்மரும் 7805 ஒன்றும் வைத்துக் கட்டினால் செலவு அதிகமில்லை. அடுத்தது நம் ஊருக்கே உரியது: உப்புக் காற்று. எண்ணூர் முதல் இராயபுரம் வரை கடலோரத்தில் குடியிருப்பவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. செம்புத் தடம் பச்சை பூக்கும், முலாம் இல்லாத செருகுவாய் ஓராண்டில் கரகரக்கும். ஆகவே மூடிய பெட்டியும், பொன் முலாம் பூசிய செருகுவாயும், பலகைமேல் மெல்லிய வார்னிஷும் இங்கே ஆடம்பரமல்ல.

நாற்பதாயிரம் ரூபாய்க் கருவியைக் கடைக்காரர் இரண்டு நாள் கேட்டுப் பார்க்கக் கொடுத்தார். அதையும், ஓர் உள்ளூர் மெக்கானிக் கட்டித் தந்த சிறு பெட்டியையும் நண்பரின் வீட்டில் அருகருகே வைத்தோம். முதலில் கேட்டபோது விலை உயர்ந்ததே தெளிவாயிருந்தது என்று நண்பர் சொன்னார். எனக்கும் அப்படியே பட்டது. பிறகு 400 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு மல்டிமீட்டரால் அளந்தோம். விலை உயர்ந்த கருவி சற்று அதிக மின்னழுத்தம் கொடுத்துக்கொண்டிருந்தது. சற்றே உரக்க ஒலிப்பதைச் செவி ‘நல்ல ஒலி’ என்று எடுத்துக்கொள்ளும். இது எல்லோரும் ஏமாறும் இடம். இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்தபின், நண்பரின் மகள் காசு சுண்டிப் பார்த்து, திரைக்குப் பின்னால் நின்று மாற்றி மாற்றி இணைத்தாள். இருபது முறையில் நண்பர் சரியாகச் சொன்னது பதினொன்று. நான் ஒன்பது. கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருந்தாலும் ஏறக்குறைய இவ்வளவு வந்திருக்கும். ஒரு வீட்டுக் கூடத்துச் சோதனை இது, அவ்வளவுதான். ஆனால் பணம் அவருடையது, காது அவருடையது, கூடமும் அவருடையது.

இதற்கிடையில் ஒரு உறுமல் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. எண்மாற்றியின் குற்றம் என்று முதலில் நினைத்தோம். கணிப்பொறியைக் கழற்றிவிட்டு, சார்ஜரில் இல்லாத கைப்பேசியிலிருந்து பாட்டைக் கொடுத்ததும் உறுமல் நின்றது. கணிப்பொறியின் எர்த்தும் ஆம்ப்ளிபயரின் எர்த்தும் வளையமாகச் சேர்ந்து செய்த வேலை. ஒளியிழை இணைப்பு அந்த வளையத்தை அறுத்துவிடும். மின்சாரம் செல்லாத கம்பி அல்லவா அது! உறுமல் கேட்டவுடன் புதிய எண்மாற்றி வாங்க ஓடுவோர் முதலில் இதைச் சோதித்துக்கொள்ளலாம்.

நண்பர் சிறு பெட்டியையே வைத்துக்கொண்டார். கையில் மிஞ்சிய பணத்தில் ஒரு பகுதி, 1990-களில் அவரே கட்டிய ஸ்பீக்கர்களுக்குப் போயிற்று. அவற்றின் ஓரத்து நுரைவளையம் தொட்டால் உதிர்ந்தது. கூம்பையும் வளையத்தையும் மாற்றியபின் கேட்ட வேறுபாட்டைச் சொல்ல யாரும் காசு சுண்டத் தேவைப்படவில்லை. பெரும்பாலான ஸ்பீக்கர்கள் கனத்த ஒலியில் நூற்றுக்கு ஒரு பங்கு வரையில் ஒலியைத் திரிக்கின்றன. எண்மாற்றி திரிப்பது இலட்சத்தில் சில பங்கு.

மகளுக்கு இப்போது வேறு ஆசை. கோவாக்ஸ் கதையைக் கேட்டுவிட்டு எட்டு பிட் ஏணியைத் தானே கட்ட வேண்டும் என்கிறாள். ஒரே மதிப்புள்ள மின்தடைகள் இருபத்தைந்து வேண்டும். இரண்டைத் தொடராக இணைத்தால் இரு மடங்கு கிடைத்துவிடும். நூறு வாங்கி வந்து ஒவ்வொன்றாக மீட்டரில் அளந்து ஒத்தவற்றைப் பொறுக்குகிறாள். மீட்டர் தவறாகக் காட்டினாலும் பரவாயில்லை, எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரித் தவறாகக் காட்டினால் போதும் என்று அவளே கண்டுகொண்டாள். நான் கடைசியாகப் போனபோது பத்தொன்பது தேறியிருந்தன.